முத்திரை யார் கையில்?

அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போனால் ஷட்டர் பாதி திறந்த பட்டறைகளைப் பார்க்கலாம். உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. முதலாளி யார் என்று விசாரிக்க வேண்டாம், மெஷினில் நிற்பவர்தான். கடைசல் அவர், கொட்டேஷன் அவர், டெலிவரி சலான் எழுதி சரக்கை வண்டியில் கட்டிக்கொண்டு போவதும் அவர். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஆடிட்டருக்கு பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவரே.

1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து, பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தே இந்த வட்டாரம் பிழைத்திருக்கிறது. பட்டறைக்காரர்களில் பலர் இன்னொருவரிடம் டர்னராகவோ ஃபிட்டராகவோ இருந்து, கைத்திறமை ஒன்றையே முதலாகப் போட்டு வெளியே வந்தவர்கள். அவர்களைத் தூக்கிவிட்ட அந்தத் திறமைதான் பிறகு காலையும் கட்டிப்போடுகிறது என்பது என் எண்ணம். "நான் தொட்டாத்தான் சார் சைஸ் சரியா வரும்" என்பார்கள். உண்மைதான். அதனால்தான் அவர் காய்ச்சலில் படுத்தால் பட்டறையும் படுக்கிறது.

வசூலையே எடுத்துக்கொள்வோம். குறு, சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். கேட்டு வாங்க ஆள் வேண்டாமா? மெஷின் ஓடும்போது போனை எடுக்க முடியாது. மெஷின் நிற்கும் நேரத்தில் கம்பெனியின் கணக்குப் பிரிவு பூட்டியிருக்கும். இதற்கு இரண்டாவது லேத் வாங்கிப் பயனில்லை.

"ஆள் வச்சுப் பாத்தாச்சு, சரிப்படல" என்று பதில் வரும். வைத்தது கையாளை. சொன்னதைச் செய்பவர் எத்தனை பேர் இருந்தாலும் அது குழு ஆகாது. யோசிக்கிற தலை இன்னும் ஒன்றுதான். "இந்த ரேட்டுக்கு இந்த ஆர்டர் வேண்டாம்ணே" என்று முதலாளியிடம் சொல்லக்கூடிய ஒருவர், சொன்னால் கேட்கிற ஒரு முதலாளி, இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் குழு ஆரம்பிக்கிறது.

கொல்லர் மகனாகப் பிறந்து, மெஷினை விட்டு நகராத ஒருவர் ஜப்பானில் இருந்தார். ஹோண்டா கம்பெனியைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டா. 1949-இல் தக்கேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்ததும் பணம், விற்பனை எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டார். அன்றைய ஜப்பானில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான் செல்லும். கம்பெனியின் அந்த முத்திரையையே ஃபுஜிசாவாவிடம் கொடுத்துவிட்டு இவர் இன்ஜினோடு இருந்தார். 1973-இல் இருவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். நம் ஊரில் காசோலைப் புத்தகத்தை மைத்துனரிடம்கூடக் கொடுக்க மாட்டோம்! (மைத்துனரைப் பொறுத்து அது நியாயமாகவும் இருக்கலாம்.)

நம்பிக்கை மட்டும் போதாது, பங்கும் வேண்டும். கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் ஷான் கிருஷ்ணசாமியோடு சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அன்று அதன் ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி வந்தது. அவர்களிடம் பங்கு இருந்ததுதான் காரணம். லேத் பட்டறையில் பங்குச் சந்தைக்கு வழியில்லை. ஆனால் ரிஜெக்‌ஷன் குறைந்த மாதம் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைப் பையன்களுக்குக் கொடுக்க எந்தச் சந்தையும் தேவையில்லை.

"கத்துக்கிட்டு எதிர்லயே கடை போட்டுடுவான்" என்பது அடுத்த பயம். போடலாம்தான். முதலாளியும் அப்படி வந்தவர்தானே? எதையும் கற்றுத்தராமல் வைத்திருந்தால், போகத் தெரியாதவன்தான் தங்குவான்.

ஒரே ஆளாக, வருகிற வேலையை மட்டும் செய்து நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வளர வேண்டும் என்று கடன் வாங்கி சிஎன்சி மெஷின் இறக்குகிறவர்களிடம்தான் கேட்கிறேன்: தவணையைக் கணக்குப் போட்ட அதே நாளில், ரேட் பேசும் அதிகாரத்தையோ வசூலையோ யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று ஒரு பெயரையும் எழுதிவிடுங்கள். பெயர் வரவில்லையென்றால் மெஷினைத் தள்ளிப்போடுங்கள். முதலில் ஆளைத் தேடுங்கள்.