பாரமும் பொறுப்பும்: மறைத்தேந்தும் படைக்கலம் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

குடையைத் தேர்பவன் மழையை எண்ணித் தேர்கிறான். படைக்கலத்தைத் தேர்பவன் இன்னொரு மனிதனை எண்ணித் தேர்கிறான். அம்மனிதனின் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் ஒருபோதும் எதிர்ப்படாமலும் போகலாம். எனினும் அவன் உடலை ஊடுருவுவதற்கெனவே கருவி தேரப்படுகின்றது. ஆதலின் படைக்கலத் தேர்வு வெறும் வசதி பற்றிய செய்தியாக நின்றுவிடாது, ஒழுக்கவியலின் எல்லைக்குள்ளும் வந்துவிடுகின்றது. தன்னுயிரைக் காக்கும் உரிமை மனிதனுக்கு உண்டா என்பது மெய்யியலின் பழைய வினா. உண்டெனக் கொண்டபின், எத்தகைய கருவியை, எவ்வாறு, எவர் அறிய ஏந்துவது என்பது அதனோடு சேர்ந்தே எழவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் ஒரு கருவி ஏற்ற எடுத்துக்காட்டாக அமைகின்றது. உடைக்குள் மறைத்தேந்துவோருட் சிலர் விரும்பித் தேர்கின்ற, பெருஞ்சட்டமும் குறைந்த எடையும் கொண்ட சுழல்துப்பாக்கியே அது. மசாசுசெற்ஸ் மாநிலத்தில் வளர்ந்த ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1955ஆம் ஆண்டின் இறுதியில் 44 மக்னம் என்னும் வலிய தோட்டாவுக்கென ஒரு சுழல்துப்பாக்கியை ஆக்கியது. அதன் சட்டமும் சுழலுருளையும் உருக்கினால் ஆனவை. அவ்வகையில் நான்கு அங்குலக் குழல் கொண்டவை ஏறக்குறைய 1200 கிராம் நிறுப்பன. அதே தோட்டாவை அதே அளவான சட்டத்திலிருந்து சுடுவதற்கு, 2003ஆம் ஆண்டளவில் அந்நிறுவனமே இன்னொன்றை வெளியிட்டது. அதன் சட்டம் ஸ்காண்டியம் சிறிதளவு கலந்த அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது; சுழலுருளை தைற்றேனியத்தால் ஆனது. அதன் எடை ஏறக்குறைய 715 கிராம்.

ஸ்காண்டியத்தின் வரலாறு அறிவுலகத்துக்குப் பெருமை தருவது. 1871இல் மெண்டலீவ் தம் ஆவர்த்தன அட்டவணையில் ஒரு வெற்றிடத்தைக் கண்டு, அங்கு வரவேண்டிய மூலகத்தின் இயல்புகளை முன்னுரைத்தார். எட்டு ஆண்டுகளின் பின், 1879இல், சுவீடன் நாட்டு நில்சன் அதனைக் கண்டுபிடித்தார். மிகச் சிறிய அளவிற் சேரினும் அலுமினியத்துக்கு உறுதி தரும் அதன் பண்பு பின்னர் வானூர்தித் துறையிற் பயன்பட்டது. மனித அறிவின் தூய வெற்றிகளுள் ஒன்று, நூற்றாண்டொன்று கடந்தபின், இடுப்பில் மறைக்கும் துப்பாக்கியாகவும் வடிவெடுத்தது. இதற்காக மெண்டலீவைக் குறைகூறுதல் பேதைமை. கருவியின் ஒழுக்கம் அதனை ஆக்கிய அறிவைப் பொறுத்ததன்று. அதனைத் தேர்ந்து ஏந்துவோனின் நோக்கையும் ஆற்றலையும் பொறுத்தது.

எடை குறைந்ததனால் விளைந்தது யாது? சன்னத்தை முன்னோக்கிச் செலுத்தும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளும். உந்தம் மாறாதிருக்கத் திணிவு குறையின், பின்னுதைப்பின் சக்தி திணிவுக்கு நேர்மாறு விகிதமாகக் கூடும். 1200 கிராம் 715 கிராமாகக் குறையும்போது கையைத் தாக்கும் சக்தி ஏறக்குறைய 1.7 மடங்காகின்றது. அவ்வுதைப்பின் வேகத்தால், சுடப்படாமல் எஞ்சியிருக்கும் தோட்டாக்களின் சன்னங்கள் தம் கூடுகளிலிருந்து முன்னோக்கி நழுவிச் சுழலுருளையைச் சுழலவிடாது தடுப்பதும் உண்டு. அதாவது, காக்கவேண்டிய கருவி தன் வலிமையாலேயே தன்னை முடக்கிக்கொள்ளக் கூடும்.

உலோகத்திலிருந்து நீக்கப்பட்ட பாரம் உலகிலிருந்து நீங்கிவிடவில்லை. அது கைக்கு இடம் மாறிற்று. கை அதனைத் தாங்க மறுக்கும்போது பயிற்சி குறைகின்றது. ஏனெனில் வலி தரும் பயிற்சியை மனிதர் நெடுநாள் தொடர்வதில்லை. பயிற்சி குறைய, குறி தவறும் வாய்ப்புக் கூடுகின்றது. குறி தவறிய சன்னம் தெருவில் நிற்கும் யாரோ ஒருவரைச் சென்றடையலாம். இவ்வாறு நோக்கின், ஏந்துவோன் தன் இடுப்பிலிருந்து இறக்கிவைத்த 485 கிராம் பாரத்தை இறுதியிற் சுமப்பவர், அதனைப் பற்றி ஏதும் அறியாத வழிப்போக்கரே ஆகலாம். ஒருவரின் வசதிக்கான விலையை, கேளாமலே இன்னொருவர் மீது சுமத்தல் நீதியாகுமா என்பதே இங்கு எழும் முதல் வினா.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பாரமான துப்பாக்கியை மனிதர் சில நாட்கள் ஏந்துவர், பின்னர் வீட்டில் வைத்துவிடுவர். வீட்டு அலுமாரியில் உறங்கும் படைக்கலம் தெருவில் எவரையும் காக்காது. ஆகவே எப்போதும் உடனிருக்கக்கூடிய இலேசான கருவியே பொறுப்புள்ள தேர்வு என்பது அவ்வாதம். உடல் வலிமை குறைந்தோர், முன்னர் தாக்குதலுக்கு உள்ளானோர், பொலிசார் வந்துசேர நெடுநேரம் ஆகும் தொலைவிடங்களில் வாழ்வோர் ஆகியோர் வாயிலிருந்து இது வரும்போது அதன் வலிமை இன்னும் கூடுகின்றது. தனியொருவரைப் பாதுகாத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அரசியலமைப்பின்படி பொலிசாருக்குப் பொதுவாக இல்லை என்ற நிலைப்பாட்டை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2005இல் ஒரு வழக்கில் மீண்டும் உறுதிசெய்தது. காக்கும் கடப்பாட்டை அரசு ஏற்காதவிடத்து, காத்துக்கொள்ளும் உரிமையைக் குடிமகன் கோருவதில் முரண்பாடில்லை.

தோமஸ் ஹொப்ஸ் 1651இல் வெளியிட்ட 'லெவியதன்' நூலில் இந்நிலையைக் கூர்மையாக நோக்கினார். சட்டமும் காவலரும் இருக்கவும், பயணம் செல்பவன் படைக்கலம் தரிப்பதையும் உறங்கப்போகின்றவன் கதவைத் தாழிடுவதையும் சுட்டி, அச்செயல்களாலேயே அவன் தன் அயலவர் மீது குற்றஞ்சாட்டுகிறானல்லனா என்று அவர் வினவினார். தற்காப்பு உரிமையை எவ்வுடன்படிக்கையாலும் மனிதன் முற்றாகக் கைவிட இயலாதென்பதும் அவர் கருத்தே. ஆயின் தாழிட்ட கதவுக்கும் மறைத்த துப்பாக்கிக்கும் இடையே ஹொப்ஸ் விரித்துரைக்காத ஒரு வேறுபாடு உண்டு. தாழ் எவரையும் கொல்வதில்லை. கதவு அடைத்திருப்பதை வெளியில் நிற்பவர் காண்கிறார். மறைத்த துப்பாக்கியோ எதிரில் நிற்பவரின் அறிவுக்கு எட்டாது நின்று அவர்மீது அதிகாரம் செலுத்துகின்றது.

மறைத்தல் பற்றிய அமெரிக்கரின் மனப்பான்மை காலந்தோறும் ஒன்றாக இருந்ததில்லை. 1813இல் கென்ரக்கியும் லூசியானாவும் மறைத்தேந்துவதைத் தடைசெய்து சட்டமியற்றின. வெளிப்பட ஏந்துவது ஆண்மைக்குரியது, மறைத்தேந்துவது வஞ்சகத்துக்குத் துணைபோவது என்ற கருத்தை 1850இல் லூசியானாவின் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மதிப்பீடு தலைகீழாயிற்று. தகுதியீனம் இல்லாத எவருக்கும் மறைத்தேந்தும் அனுமதிப்பத்திரம் வழங்கப்படவேண்டுமென 1987இல் புளோரிடா சட்டமியற்ற, வேறு பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. 2022இல் நியூயோர்க் மாநிலச் சட்டம் பற்றிய வழக்கில், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்துதல் அரசியலமைப்பு உரிமையே என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இன்று அனுமதிப்பத்திரமின்றியே மறைத்தேந்தலாம். முன்னர் வஞ்சகம் எனப்பட்டது இப்போது நாகரிகம் எனப்படுகின்றது. பிறரை அச்சுறுத்தாதிருக்கவே மறைக்கிறோம் என்பர். இரு கருத்துக்களிலும் உண்மை உண்டு. ஆனால் சட்டம் அனுமதிக்கின்றது என்பதனால் மட்டும் ஒரு செயல் அறமாகிவிடாது. சட்டம் விலகி நிற்கும் இடத்தில் மனச்சாட்சியின் கடமை முன்னையிலும் பெரிதாகின்றது.

இரண்டாவது வினா அளவு பற்றியது. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் புனித தோமஸ் அக்குவைனாஸ், தன்னைக் காக்க முனைபவனின் செயலால் தாக்குவோன் இறக்க நேரினும் அச்செயல் குற்றமாகாதிருக்கலாம் என்றார். நோக்கம் தன்னுயிர் காத்தலாகவும், பிரயோகிக்கும் வன்மை தேவைக்கு மிஞ்சாததாகவும் இருத்தல்வேண்டும் என்பது அதற்கு அவர் விதித்த நிபந்தனை. இந்நிபந்தனையைத் தாக்குதல் நிகழும் கணத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்வதே வழக்கம். உண்மையில் வன்மையின் அளவிற் பெரும்பகுதி முன்னரே, கருவியைத் தேரும் வேளையில், முடிவாகிவிடுகின்றது. விசையை அழுத்தும் விரல் சன்னத்தின் ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

இலேசான அந்த 44 மக்னம் துப்பாக்கி அலாஸ்கா போன்ற நிலங்களில் நடந்துசெல்வோருக்குப் பொருந்துவது. பெருங்கரடி எதிர்ப்படக்கூடிய காட்டில், நாள் முழுவதும் சுமந்து நடக்கவேண்டியவனுக்கு எடை குறைவும் வலிமை மிகுதியும் ஒருங்கே தேவைப்படுகின்றன. அங்கு குறிக்குப் பின்னால் நிற்பவை பெரும்பாலும் மரங்களே. அதே கருவி நகரத்துக் கடைவீதியில் ஒருவரின் மேலங்கிக்குள் புகும்போது, உலோகம் மாறாதிருக்கவும் அறம் மாறிவிடுகின்றது. கரடியை நிறுத்தவல்ல சன்னம் மனித உடலை ஊடுருவி அப்பாலும் செல்லவல்லது. அப்பால் நிற்பவை மரங்களல்ல. சிறுசட்டத்தில் அமைந்த, வலிமை குறைந்த துப்பாக்கிகள் கிடைக்கவும் நகரத்தான் பெருவலிமையையே நாடுவானாயின், அவன் அளந்து நோக்கியது ஆபத்தையா, அன்றித் தன் அச்சத்தையா என்று தன்னையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். அச்சத்துக்கு ஏற்பக் கருவியைத் தேர்பவனுக்கு எக்கருவியும் போதுமான அளவு பெரிதாவதில்லை.

மூன்றாவது வினா மறதி பற்றியது. இலேசான துப்பாக்கியைப் புகழ்வோர், அதனை அணிந்திருப்பதே நினைவில் இராது என்பதைச் சிறப்பாக எடுத்துரைப்பர். உடலின் வசதியை நோக்கின் அது சிறப்பே. ஒழுக்கவியல் நோக்கில் அதுவே பெருங்குறையாகத் தோன்றுகின்றது. படைக்கலம் ஏந்தியவன், ஏந்தாதவனிலும் பார்க்க மெல்லப் பேசவும், விரைந்து விலகவும், வசையைப் பொறுக்கவும் கடமைப்பட்டவன். ஏனெனில் அவன் கலந்துகொள்ளும் எந்தச் சிறு பூசலும் உயிர்ப்பூசலாக முடியக்கூடும். அக்கடமையை அவனுக்கு ஓயாது நினைவூட்டுவது இடுப்பில் உறுத்தும் பாரமே. மதுச்சாலை வாயிலில் அவனைத் திருப்பியனுப்புவதும், சினம் மூளும் கணத்திற் கையைக் கட்டவைப்பதும், வீட்டிற் பிள்ளைகள் எட்டாத இடத்திற் பூட்டிவைக்கத் தூண்டுவதும் அந்நினைவே. அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் நிகழும் இறப்புக்களிற் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பிறரிடமிருந்து தன்னைக் காக்கவென வாங்கிய கருவி, தன்னிடமிருந்து தன்னைக் காக்கவேண்டிய நாளிலும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கின்றது.

நற்பண்பு பழக்கத்தால் விளைவது என்றார் அரிஸ்டோட்டில். நாள்தோறும் மறைபடை தரித்து வெளிச்செல்பவன் ஏதோவொரு பழக்கத்தைப் பெறுகிறான் என்பது உறுதி. ஒவ்வொரு முகத்திலும் பகைவனைத் தேடும் பழக்கமாகவும் அது வளரலாம். ஒவ்வொரு முகத்துக்கும் தான் பொறுப்பாளி என்றுணரும் பழக்கமாகவும் வளரலாம். எது வளரும் என்பதைக் கருவியின் எடை தனித்துத் தீர்மானிப்பதில்லை. எனினும் பாரத்தை மறக்க விரும்பிக் கருவியைத் தேர்ந்தவன், முன்னைய பாதையில் ஓரடி எடுத்துவைத்துவிட்டான் எனலாம்.

பண்டைக் கிரேக்கர் ஒருகாலத்தில் யாவரும் படைக்கலம் தரித்தே வாழ்ந்தனர் என்றும், அவற்றை முதலிற் களைந்தோர் அதீனியரே என்றும் தூசிடைடீஸ் எழுதினார். களைவதற்குத் துணிவு மட்டும் போதாது. அயலவனும் களைந்திருப்பான் என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்நம்பிக்கையைத் தரமுடியாத சமுதாயம், தனிமனிதனைப் பார்த்து 'படைக்கலம் ஏந்தாதே' என்று கூறுவது எளிதன்று. ஆயினும் ஒன்றைக் கூறலாம். ஏந்துவதாயின், தன் கை தாங்கக்கூடியதை, தன் பயிற்சி ஆளக்கூடியதை, தான் விடைசொல்லக்கூடியதை மட்டும் ஏந்துக. கடைக்காரன் தராசில் இட்டுக் காட்டும் எடை அக்கருவியின் பாரத்தில் ஒரு பகுதியே. மீதியை நிறுக்கும் தராசு ஏந்துவோனின் நெஞ்சில் உள்ளது. அங்கு எக்கலப்புலோகத்தாலும் ஒரு கிராமேனும் குறைவதில்லை.