ஒரே மரக்கால்

எந்த நாட்டில் மனித உரிமை மேலோங்கியுள்ளது என்று நாம் ஒப்பிட்டுப் பேசுகிறோம். பேசலாம், 1948 டிசம்பர் 10-ல் ஐ.நா. சபை பிரகடனம் செய்த உரிமைகள் எல்லா நாட்டாருக்கும் பொதுவானவையே. அதே ஆண்டில் இலங்கை, குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. அதைக் கண்டிக்கிறோம், நியாயமே. ஆனால், ராசிங்காபுரத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏலமலை ஏறும் கூலிப் பெண்களின் நிலையை அதே மரக்காலால் அளந்தோமா?

வாங்கும்போது நிறைத்தும், கொடுக்கும்போது குறைத்தும் அளப்போருக்குக் கேடு என்று திருமறையின் 83-வது அத்தியாயம் எச்சரிக்கிறது. ஏலக்காய்க்கு மட்டுமா இந்த எச்சரிக்கை? பிறர் குறையை நிறைத்தும் நம் குறையைக் குறைத்தும் அளப்பதும் அதே குற்றமன்றோ! நம் குறையைக் காட்டி அயலார் கொடுமையை மன்னிப்பதும் மோசடியே.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். அளவையை முதலில் நம் வீட்டு வாசலில், கூலிக்கு நிற்பவரிடமிருந்து தொடங்குவோமாக!