சொல்ல வேண்டியவர் யார்?

1986-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஓர் அரசுக் குழுவை அமைத்தது. சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோஸ் விடாமல் போராடிப் பெற்ற குழு அது. குற்றம், போதைப் பழக்கம், படிப்பில் பின்தங்குவது எனப் பலவற்றுக்கும் வேர், மனிதர் தம்மைத் தாழ்வாக நினைப்பதே என்று அவர் நம்பினார். நல்ல எண்ணம்தான். ஆனால் 2003-இல் ராய் பாமைஸ்டர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பை ஏற்றிவிட்டால் மதிப்பெண் ஏறும் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வதால் தன்மதிப்பு வராது. தன் வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் தன் சொல்லே செல்லும் என்ற நிலை வேண்டும். அந்த நிலையைத் தமிழ்நாடு கல்யாணப் பந்தலில் தேடியது.

1925-இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய பெரியாரும் அவருடைய சுயமரியாதை இயக்கத் தோழர்களும் எழுப்பிய கேள்வி எளியது. வாழப்போகிறவர்கள் மணமக்கள், அவர்களுக்குப் புரியாத மொழியில் வேறொருவர் ஏன் மந்திரம் சொல்ல வேண்டும்? அதுவும், பிறப்பால் உயர்ந்தவர் என்பதற்காக அவர் வந்தால்தான் கல்யாணம் செல்லும் என்றால், மற்றவர்களின் நிலை என்ன?

பக்தர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. மந்திரத்தின் புனிதம் அதன் ஒலியிலும் மரபிலும் இருக்கிறது, புரியாததன் முன் பணிவதும் வழிபாடே என்பார்கள். தள்ளிவிடக்கூடிய பதில் அல்ல. ஆனாலும் தெய்வத்தின் முன் பணிவது வேறு, இன்னொருவரின் பிறப்பின் முன் பணிவது வேறு. முதலாவது மனிதரைச் சிறுமைப்படுத்தாது. இரண்டாவது சிறுமைப்படுத்தியே தீரும்.

அவர்கள் மாற்றாக முன்வைத்த சுயமரியாதைத் திருமணத்தில் ஓமகுண்டம் இல்லை. தலைமை தாங்க ஒருவர் இருப்பார், ஊரும் உறவும் கூடியிருக்கும். மணமகளும் மணமகனும் தம் வாயாலேயே உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். பிறகு வாழ்த்துரைகள். தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதே வழக்கமாக இருந்த மணப்பெண், சபை நடுவே தன் சம்மதத்தைத் தானே சொன்னாள். இந்த இயக்கம் செய்தவற்றில் ஆழமானது இதுவே.

சட்டம் அதை உடனே ஏற்கவில்லை. 1934-இல் இப்படி நடந்த ஒரு திருமணம், உரிய சடங்குகள் இல்லாததால் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஊரறிய வாழ்ந்த தம்பதியர் பலரின் திருமணமும், பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளாயின. அண்ணா முதலமைச்சரான 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் செல்லும். முன்பு நடந்தவையும் செல்லுபடியாயின.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை மீண்டும் பரிசீலித்தது. ஊரைக் கூட்டி அறிவித்தால்தான் திருமணம் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. குடும்ப எதிர்ப்புக்கும் உயிர்ப் பயத்துக்கும் நடுவே மணம் முடிப்பவர்களிடம் பகிரங்க அறிவிப்பைக் கேட்பது அவர்களையே ஆபத்தில் தள்ளும் என்றது. இன்றும் சாதி மாறி மணக்கும் இருவர், நாலைந்து நண்பர்களை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு அந்த உறுதிமொழியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.