பெறுபேறு ஒரு சாட்சியா?

சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையின் முன் அதிகம் பேசப்படும் வாசல்கள் இரண்டு. ஒன்று, பல்கலைக்கழகச் சட்ட பீடம். அது உயர்தரப் பாடங்கள் மூன்றினதும் இஸட் புள்ளிச் சராசரியைக் கேட்கும். இரண்டு பாடங்களில் உயர்ந்து ஒன்றில் சரிந்தவரைச் சராசரி கீழே இழுத்துவிடும். மற்றது, புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. அடிப்படைத் தகைமை உள்ளவர்களுள் யாருக்கு இடம் என்பதை அங்கே நுழைவுப் பரீட்சை தீர்மானிக்கிறது. முன்னையது நேற்றைப் பார்க்கிறது. பின்னையது இன்றைப் பார்க்கிறது. எது நீதி?

கொலன்னாவையை எடுத்துக்கொள்வோம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி அங்கே வீடுகள் மூழ்கின. உயர்தரப் பரீட்சை ஆகஸ்டில் நடந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, அயலிலுள்ள மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஆண்டும் ஆகஸ்டில் பரீட்சை. அப்பகுதிப் பிள்ளை ஒன்றின் பெறுபேற்றில் ஒரு பாடம் சரிந்திருந்தால், அந்தத் தாள் எதற்குச் சாட்சி? பிள்ளையின் அறிவுக்கா, வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்துக்கா?

அப்படியானால் காரணத்தைக் கேட்டு இடம் கொடுக்கலாமே என்று தோன்றும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்போர், புள்ளி குறைந்ததற்கான விளக்கத்தை எழுதி இணைப்பதுண்டு. ஆனால் காரணத்தை எடைபோடும் கை யாருடையது? முஸ்லிம் மாணவருக்குச் சாதகமாகப் பெறுபேறுகள் மாற்றப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி, 2013 ஜனவரியில் பொதுபல சேனா சட்டக் கல்லூரியில் ஆர்ப்பாட்டம் செய்ததை நாம் மறக்கவில்லை. சந்தேகம் மலிந்த நாட்டில், பெயரில்லாத சுட்டெண்ணே எளியவருக்குக் காவல். அத்தோடு, துயரை உருக்கமாக எழுதத் தெரிந்தவர் உள்ளே போவார். சொல்லக் கூசுபவர் வெளியே நிற்பார்.

எனவே இரண்டாவது வாசலைத் திறந்து வைத்திருப்பதே முக்கியம். அதற்கும் மொழியென்றும் பணமென்றும் பூட்டுகள் உண்டு. ஆங்கிலத்தை மட்டுமே சட்டக் கல்லூரியின் மொழியாக்கும் விதிகளை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்தது. வகுப்புக் கட்டணம் என்ற பூட்டை எந்த வாக்கெடுப்பும் திறக்காது. அது நம் கையில் இருக்கிறது.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 54ஆம் பிரிவில் ஒன்று சொல்கிறது. குற்ற வழக்கில் எதிரி தன் நன்னடத்தையைத் தானாக முன்வைத்தாலன்றி, அவருடைய தீய நடத்தை வழக்குக்குப் பொருத்தமற்றது. நேற்று அவர் எப்படிப்பட்டவராக இருந்தார் என்பதைக் கொண்டு இன்றைய வழக்கைத் தீர்க்கலாகாது என்பதே அதன் உட்கிடை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சட்டம் அளிக்கும் இந்த நியாயத்தை, சட்டம் படிக்க வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் மறுக்கலாமா? ‘ஒரு பாடம் போய்விட்டதாமே’ என்று வாப்பாவிடம் விசாரிக்கும் ஊரார், அந்த ஒற்றை எழுத்தைக் கொண்டே பிள்ளைக்குத் தீர்ப்பெழுதி விடுகிறார்கள்.

மூன்று ‘ஏ’ எடுத்தோருக்கு நம் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. எடுக்கட்டும். அந்த விழாச் செலவில் ஒரு பங்கை, ஒரு பாடத்தில் சரிந்தும் நுழைவுப் பரீட்சைக்கு மீண்டும் அமரும் பிள்ளையின் வகுப்புக் கட்டணத்துக்கு ஒதுக்கலாம். பொன்னாடை வேண்டாம், பெயரைச் சொல்லி மேடையேற்றவும் வேண்டாம்.