எல்லாவற்றையும் செய்வது

“ஒண்டையும் விடாமச் செய்யுங்க டொக்டர்” என்று நோயாளியின் உறவினர் கெஞ்சுவது அன்பினால்தான். ஆனால் அதிகம் செய்வதுதான் அதிக அன்பா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

பெருங்குடல் புற்றுநோய் வயிற்றறையின் உட்சவ்வில் பரவினால், தெரியும் கட்டிகளைச் சத்திரசிகிச்சையால் அகற்றியபின், எஞ்சிய கலங்களை அழிக்கச் சூடாக்கிய மருந்தை வயிற்றினுள் ஓடவிடுவதுண்டு. பிரான்ஸில் 265 பேரிடம் இதைச் சோதித்தனர். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை, சீட்டுக் குலுக்கியதுபோல் தெரிவான பாதிப்பேருக்கு மட்டும் 43 பாகைச் சூட்டில் ஒக்சாலிபிளாட்டின். முடிவு 2021இல் வெளிவந்தது. மருந்து பெற்றோரின் இடைநிலை ஆயுள் 41.7 மாதம், பெறாதோருக்கு 41.2. அறுபதாம் நாளில் கடும் பாதிப்புகளோ முறையே 26 வீதம், 15 வீதம்.

இதனால் இச்சிகிச்சையே வீண் என்று சொல்லவரவில்லை. சூலகப் புற்றுநோய்க்கு, சிஸ்பிளாட்டின் கொண்டு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு (2018) ஆயுள் நீண்டதைக் காட்டியது. நோயும் மருந்தும் மாற, விடையும் மாறுகிறது.

எல்லாம் செய்தோம் என்ற ஆறுதல் உறவினருக்கு. அதன் வலி நோயாளிக்கு. “இன்னும் என்ன செய்யலாம்?” என்பதற்கு முன், “இதனால் இவருக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்பதையே நான் அன்பென்பேன். அப்படிக் கேட்க நமக்கு வழிசெய்தவர்கள், தம் சிகிச்சையைச் சீட்டிடம் ஒப்படைக்கச் சம்மதித்த அந்த நோயாளிகள்.