இலையும் மலரும் சற்காரியமும்

காரியமானது தோன்றுவதற்கு முன்னரே தன் காரணத்துள் சூக்குமமாய் உறைந்திருந்தது என்று சாங்கியரும், அவ்வாறன்று, அது முன்னில்லாத புதுப்பொருளாகவே பிறக்கிறது என்று நையாயிகரும் நெடுங்காலம் வாதிட்டனர். சைவ சித்தாந்திகள் சாங்கியர் வழிநின்று சற்காரியவாதத்தையே தமதாக்கிக் கொண்டனர். மண்ணையும் குடத்தையும் வைத்து நடந்த அவ்வழக்கை இன்று செடியை முன்னிறுத்தியும் விசாரிக்கலாம்.

செடியின் உறுப்புக்கள் யாவும் இலையெனத்தக்க ஒரே மூல உறுப்பின் விகாரங்களே என்று 1790-இல் ஜெர்மானிய மகாகவி கதே எழுதினார். இரு நூற்றாண்டுகள் கழித்து, 1991-இல், தாவர மரபணு ஆய்வாளர்களாகிய கோயனும் மெயரோவிட்ஸும் மலரின் உருவை வகுக்கும் மூவகை மரபணுத் தொழில்களை விளக்கினர்: முதல் வகை தனித்து இயங்கின் புல்லியும், அதனோடு இரண்டாவது கூடின் அல்லியிதழும், இரண்டாவதும் மூன்றாவதும் கூடின் கேசரமும், மூன்றாவது தனித்து நிற்பின் சூலகமும் உருவாகின்றன. கடுகின் குடும்பத்ததாகிய அராபிடாப்சிஸ் செடியில் இம்மூன்றும் செயலிழந்தபோதோ, மலரின் ஸ்தானத்தில் இலை போன்ற உறுப்புக்களே அடுக்கடுக்காய் எழுந்தன. இதற்கு மறுதலையாக, 2001-இல் பிற ஆய்வாளர்கள் உரிய மரபணுக்களை ஒருங்கே இயக்கி, இலையையே இதழாக்கியும் காட்டினர்.

‘இதழ் முன்னரே இருந்ததாயின் மரபணுவை இயக்குவானேன்?’ என்று நையாயிகர் இடைமறிப்பர். அது வலிய ஆட்சேபம். உள்ளதை வெளிப்படுத்தற்கே முயற்சி வேண்டும் என்பது சாங்கியர் விடை. அவ்விடைக்குச் சான்றாக நான் காட்ட விரும்புவது லினாரியா என்னும் செடியை. ஒரே குழல் நீண்டு இருபுறச் சமச்சீர் கொண்ட அதன் மலர், ஐந்து குழல்களோடு எத்திசையும் ஒத்த வடிவில் மலர்ந்திருக்கக் கண்டு திகைத்த தாவரவியலார் லின்னேயஸ், 1744-இல் அதற்குப் பெலோரியா எனப் பெயரிட்டார். அதன் காரணம் 1999-இல் துலங்கியது: மலரின் சமச்சீரை ஆளும் மரபணுவின் எழுத்துவரிசை சிதையவில்லை, மெத்தில் தொகுதிகள் மிகுதியாகப் படிந்து அதை மௌனமாக்கியிருந்தன. அம்மறைப்பு நீங்கிய கிளைகளில் பழைய மலரே மீண்டும் மலர்ந்தது! அழிந்ததென எண்ணிய வடிவம் அழியாது உள்ளே காத்திருந்தது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தவல்ல திருஷ்டாந்தத்தை நான் அறியேன்.

இதைக் கொண்டு, சாங்கியத்தின் முதலாசிரியராகிய கபிலர் மரபணுவைக் கண்டார் என்று மேடைகளில் முழங்குவது அவருக்கே இழைக்கும் அநீதியாகும். குடத்துக்குக் குயவன் போல் உலகை ஆக்கும் நிமித்த காரணன் உளனோ என்ற வினாவையும் இச்சோதனைகள் தொடவில்லை. ஆயினும், காரியம் காரணத்தில் உண்டோ இல்லையோ என்னும் அளவில், செடியின் சாட்சியம் சாங்கியர் பக்கமே சாய்கிறது.