அன்பின் அளவு

வீட்டு மருந்தில் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று அஞ்சறைப் பெட்டியிலிருந்து வருவது. மற்றொன்று கொடுப்பவரின் நெஞ்சிலிருந்து வருவது. இருமும் பிள்ளைக்காக ஆடாதொடை இலையோடு மிளகைத் தட்டிப் போட்டு, நாலு பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காத்திருக்கும் பொறுமையைக் கடையில் வாங்க முடியாது. அதனால்தான் வீட்டு மருந்தை யாரேனும் குறை சொன்னால் நமக்குச் சுருக்கென்கிறது. மருந்தைச் சொன்னதாக நாம் நினைப்பதில்லை. தாயையே சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அன்போடு கொடுத்தேன் என்பது போதுமா? நல்லெண்ணம் இருந்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

பெரியவர்களைப் பொறுத்தவரை இது அவ்வளவு கடுமையான கேள்வியன்று. கஷாயம் கசந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தை என்ன செய்யும்? உரைமருந்தையே எடுத்துக்கொள்வோம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் இவற்றைக் கல்லில் தாய்ப்பாலோ தேனோ விட்டு இழைத்து நாக்கில் தடவுகிறார்கள். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். அந்த வசம்பின் எண்ணெயை எலிகளுக்கு உணவோடு கொடுத்துப் பார்த்தபோது குடலில் கட்டிகள் கண்டன. 1968-இல் அமெரிக்காவில், உணவுப் பொருள்களில் வசம்பு சேர்ப்பதையே தடை செய்தார்கள். தேனும் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

"எலி தின்ற அளவு எங்கே, கல்லில் இழைத்த துளி எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் துணிவது நாம். விளைவை ஏற்பதோ மறுக்கத் தெரியாத ஓர் உயிர். நம்முடைய நம்பிக்கையை அந்த உடம்பில் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டா? இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்காகப் பாட்டிமாரைப் பழிக்க வேண்டியதில்லை. அவர்கள் தங்கள் அறிவுக்கு உண்மையாக நடந்தார்கள். வசம்பைச் சுட்ட பிறகே சேர்த்தார்கள். கல்லில் எத்தனை சுற்று இழைப்பது என்பதற்குக்கூடக் கணக்கு வைத்திருந்தார்கள். அள்ளிக் கொடுக்கத் துடித்த அன்பை அந்தக் கணக்கு அடக்கி வைத்தது. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது அந்த அடக்கத்தைத்தான். அவர்கள் அறியாததை அறிந்த பிறகும் அதே உருண்டையை அப்படியே இழைப்பது, மரபைக் காப்பது ஆகாது.

என் வீட்டிலும் சுக்கு, மிளகு, திப்பிலி தீர்ந்தால் உடனே வாங்கி வைக்கிறோம். தொண்டை கரகரத்தால் சுக்குக் காப்பியைத்தான் நான் கேட்பேன். அது எனக்கு நானே செய்துகொள்ளும் துணிவு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு மூச்சு இரைத்தால், அங்கே என் நம்பிக்கைக்கு இடமில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அந்த வேளையில் அன்பு செய்யக்கூடிய காரியம்.